கிட் காரின் ஹெட்லைட் ஸ்விட்சும் ரிலேயும்: வயரிங்கைப் புதிதாக அமைத்தல்

கிட் காரில் ஹெட்லைட் மங்கலாக எரிந்தால் முதலில் பழி விழுவது பல்பின் மேல். அதிக வாட் பல்பு வாங்கி மாட்டுகிறார்கள். வெளிச்சம் பெரிதாகக் கூடுவதில்லை, ஸ்விட்ச் மட்டும் சூடாகிறது. குறை பெரும்பாலும் பல்பில் இல்லை. பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே உள்ள வழியில் இருக்கிறது.

பிரிட்டனில் வீட்டுக் கொட்டகையில் கட்டப்படும் கிட் கார்களில் சேஸிசும் உடலும் மட்டுமே புதிது. எஞ்சின், ஸ்டியரிங் தண்டு, அதில் உள்ள நெம்புகோல் ஸ்விட்ச், பல சமயம் வயர்க்கட்டு முழுவதுமே ஃபோர்டு எஸ்கார்ட், சியரா, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், எம்ஜிபி போன்ற ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுத்தவை. 1957-இல் வந்த லோட்டஸ் செவன் இந்த வழக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது; 1973-இல் அதன் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போன பிறகும் அதே அச்சில் பல நிறுவனங்கள் கார் கட்டுகின்றன. கார் புதிதாக இருக்கலாம், ஸ்விட்சுக்கு வயது நாற்பது இருக்கும். இந்த அத்தியாயம் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த், எச்4 பல்பு உள்ள இரண்டு ஹெட்லைட் காரை வைத்து எழுதப்பட்டது. டிம் என்பது கீழ்நோக்கிய ஒளி, பிரைட் என்பது தூர ஒளி.

பழைய சுற்றில் என்ன குறை

எம்ஜிபி போன்ற கார்களில் ஹெட்லைட்டுக்கு ரிலே கிடையாது, ஃபியூசும் கிடையாது. பேட்டரியிலிருந்து வரும் பழுப்பு வயர் டேஷ்போர்டு ஸ்விட்சுக்கு வருகிறது. அங்கிருந்து ஸ்டியரிங் தண்டின் நெம்புகோலுக்கு. பிறகு திரும்பவும் முன்புறம் போய் விளக்கை அடைகிறது. இரண்டு பல்புக்கும் தேவையான மின்சாரம் முழுவதும் அந்தச் சின்னத் தொடுமுனைகள் வழியாகத்தான் போகவேண்டும். எச்4 பல்பில் டிம் இழை 55 வாட், பிரைட் இழை 60 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், எஞ்சின் ஓடும்போது உள்ள வோல்ட்டில் ஒவ்வொன்றும் 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புக்குமாகச் சேர்த்து 10 முதல் 12 ஆம்பியர்.

வழியில் இழக்கும் வோல்ட்டுக்கு விலை அதிகம். இழைப் பல்பின் வெளிச்சம், வோல்ட் குறைவதைவிட மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் குறைகிறது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். பேட்டரி முனையில் 13.8 வோல்ட், பல்பு முனையில் 12.1 வோல்ட் என்று மீட்டர் காட்டினால், வயரிலும் ஸ்விட்சிலும் ஏற்படும் இழப்பால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது என்று பொருள்.

பழைய ஸ்விட்ச் ஒன்றைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் கதை முழுவதும் தெரியும். நீல வயர் சொருகிய தகட்டைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுத்து, உருகி, கொஞ்சம் சாய்ந்திருக்கும். வயரின் உறை முனையில் விறைத்து, வளைத்தால் அப்பளம் போல நொறுங்கும். உள்ளே செம்பு கறுத்திருக்கும். மற்றத் தகடுகள் பளபளவென்றே இருக்கும். அதிக மின்சாரம் ஓடிய பாதை எது என்று இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் சொல்லாது. பிரிட்டிஷ் கார்களின் மின்கோளாறு எல்லாவற்றுக்கும் அவற்றின் மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தைக் கேலி செய்வது அங்கே பழைய பொழுதுபோக்கு. ஆனால், கிட் காரில் அந்தக் கேலியில் பாதிக்கு மேல் சேரவேண்டியது எர்த்தைச் சரியாகப் போடாத கைகளுக்குத்தான்.

தீர்வு எளிது: ஸ்விட்ச் உத்தரவு மட்டும் கொடுக்கட்டும், மின்சாரம் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் விளக்குக்குப் போகட்டும். அந்த உத்தரவை வாங்கிச் செய்யும் ஆள்தான் ரிலே.

ரிலேயின் கால்கள்

ரிலேயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். அவை ஜெர்மன் தரமுறைப்படி வந்தவை. யார் தயாரித்தாலும் எண் ஒன்றுதான்.

- 30: பேட்டரியிலிருந்து வரும் நேர் மின்சாரம்
- 87: விளக்குக்குப் போவது
- 86: ஸ்விட்சிலிருந்து வரும் உத்தரவு
- 85: காயிலின் எர்த்
- 87ஏ: ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-உடன் சேர்ந்திருக்கும் கால்

காயில் இழுப்பது ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே பழைய ஸ்விட்சுக்கு இனி வேலையே இல்லை என்று சொல்லலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐந்து கால் ரிலேயில் இரண்டு வகை உண்டு: நடுவில் 87ஏ உள்ளது ஒன்று, நடுவிலும் இன்னொரு 87 உள்ளது மற்றொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. இரண்டு விளக்குக்கும் ஆளுக்கொரு கால் என்று நினைத்து 87ஏ உள்ள ரிலேயை மாட்டினால், ஸ்விட்ச் போடாதபோது ஒரு விளக்கு எரியும், போட்டதும் அது அணைந்து மற்றது எரியும். குழப்பமே வேண்டாம் என்றால் நான்கு கால் ரிலேயே போதும்.

சில ரிலேக்களில் காயிலுக்குக் குறுக்கே டயோடு இருக்கும். உடலில் அதன் குறி அச்சிட்டிருக்கும். அந்த வகையில் 86-க்கு நேர்முனை, 85-க்கு எர்த் என்பதை மாற்றக்கூடாது. மாற்றினால் டயோடு நேரடி ஷார்ட் ஆகும். 1967-க்கு முந்தைய எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் கார் என்பதால், அதன் பாகங்களை அப்படியே எடுத்தவர்கள் இந்த இடத்தில் இருமுறை பார்க்கவேண்டும்.

ஒரே ரிலேயில் 87ஏ-யில் டிம், 87-இல் பிரைட் என்று வைத்துச் செலவை மிச்சம் பிடிக்கும் முறையும் புழக்கத்தில் உண்டு. அது வேண்டாம். அந்த ஒரு ரிலே செத்தால் இரவு நேரச் சாலையில் மொத்தமும் இருட்டு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வைத்தால் ஒன்று போனாலும் மற்றதை வைத்து வீடு சேரலாம்.

தேவையான பொருள்கள்

- 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர், நான்கு கால் ரிலே இரண்டு; கையிருப்புக்கு ஒன்று; அவற்றுக்கான சாக்கெட்டுகள்
- தகடு வகை ஃபியூஸ்: 20 ஆம்பியர் இரண்டு, 10 ஆம்பியர் நான்கு, 5 ஆம்பியர் ஒன்று, மூடியுள்ள ஃபியூஸ் பெட்டி
- 2 சதுர மி.மீ மெல்லுறை ஆட்டோமோட்டிவ் வயர் (28 இழை, ஒவ்வொன்றும் 0.30 மி.மீ, 25 ஆம்பியர் தாங்கும்)
- உத்தரவு வயருக்கு 0.5 அல்லது 1 சதுர மி.மீ
- எச்4 ஹோல்டர் இரண்டு, 6.3 மி.மீ தகட்டு முனைகள், வளைய லக்குகள்
- ராட்செட் உள்ள கிரிம்ப் கருவி, மல்டிமீட்டர், ஹீட் ஷ்ரிங்க் குழாய், ரப்பர் குரொமெட், நெளி ஸ்லீவ்

வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒற்றைக்கம்பி வயரைக் காரில் போடக்கூடாது. அதிர்வில் கம்பி முறியும். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் தட்டையான கிரிம்ப் இடுக்கியும் அப்படித்தான்: அன்றைக்குப் பிடிக்கும், ஆறு மாதத்தில் விடும். இந்த வேலையில் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் கிரிம்ப் கருவியில்தான்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

1. பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். வேலை முடிந்து மாட்டும்போது அதையே கடைசியாக மாட்ட வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சேஸிசில் பட்ட மாத்திரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கழற்றிய கேபிள் தானாகச் சாய்ந்து தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கிக் கட்டவேண்டும்.

2. மோதிரம், உலோகக் கைக்கடிகாரப் பட்டை ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

3. பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் பக்கத்தில் ஹீட் கன், சால்டரிங் அயர்ன் எதையும் எடுக்கக்கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். ஃபைபர்கிளாஸ் உடல் தீப்பிடித்தால் அணைப்பது கடினம்.

4. பல்பு சூடாக இருக்கும்போதும், ஆறிய பின்னும் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட வேண்டும்.

பழைய வயரை அடையாளம் காணுதல்

5. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு முனையையும் படம் எடுத்து, வயரில் காகித நாடா ஒட்டி எழுதிவைக்க வேண்டும். நினைவில் இருக்கும் என்ற நம்பிக்கை மதிய உணவோடு முடிந்துவிடும்.

6. பாகம் தந்த கார் எம்ஜி, ட்ரையம்ஃப் போன்ற லூகாஸ் வகையானால் நிறங்கள் ஒரு முறைப்படி இருக்கும். பழுப்பு: பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் வரும் நேர் மின்சாரம். சிவப்பு: பார்க்கிங் விளக்கு. நீலம்: டேஷ்போர்டு ஸ்விட்சிலிருந்து நெம்புகோலுக்கு. நீலத்தில் சிவப்புக் கோடு: டிம். நீலத்தில் வெள்ளைக் கோடு: பிரைட். ஊதா: ஃபிளாஷ் செய்வதற்கான, எப்போதும் மின்சாரம் உள்ள வயர். கறுப்பு: எர்த். எண்பதுகளின் ஃபோர்டு கார்களுக்கு நிறமுறையே வேறு. அங்கே இந்தப் பட்டியலை நம்பக்கூடாது.

7. எந்தக் காரானாலும் நிறத்தை மீட்டரால் உறுதி செய்ய வேண்டும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஸ்விட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்து, எந்த இரு முனைகள் சேர்கின்றன என்று சிறிய கட்டமாக எழுதினால் பத்து நிமிடத்தில் ஸ்விட்சின் முழு வரைபடமும் கையில் இருக்கும். முந்தைய உரிமையாளர் கையில் கிடைத்த வயரை இடையில் ஒட்டுப் போட்டிருப்பது சாதாரணம். டேஷ்போர்டின் கீழே நீலமாக உள்ளே போய் முன்னே பச்சையாக வெளிவரும் வயர்களும் உண்டு.

8. ஸ்விட்சின் தொடுமுனைகள் கறுத்திருந்தாலும் இயங்கினால் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். இனி அதன் சுமை மிகக் குறைவு. பிளாஸ்டிக் உருகி நெம்புகோல் ஆடினால் மட்டும் மாற்ற வேண்டும்.

ரிலே, ஃபியூஸ் பெட்டி வைக்கும் இடம்

9. மூக்குப்பகுதி வேண்டாம். செவன் வகைக் கார்களில் முன்சக்கரம் அள்ளி வீசும் தண்ணீர் நேரே அங்கேதான் போகும். எஞ்சினுக்கும் காலடிக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டின் மேல்பகுதி, புகைபோக்கிக் குழாய்க்கு எதிர்ப்பக்கம், நல்ல இடம். கால்கள் கீழே பார்க்கும்படி ரிலேயை மாட்ட வேண்டும். வயர்கள் ரிலேக்குக் கீழே சற்றுத் தொங்கி மேலேறினால், வயரோடு வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

மின்சாரம் போகும் வழி

10. ஸ்டார்ட்டர் சோலினாய்டில் பேட்டரி கேபிள் வந்து சேரும் தடித்த போல்ட்டிலிருந்து இரண்டு தனித்தனி வயர்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் போல்ட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூசுக்கு முந்தைய அந்தத் துண்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அதனால்தான் அது குட்டையாக இருக்கவேண்டும், ஸ்லீவ் போட்டிருக்க வேண்டும். காரில் பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் இருந்தால் அதைத் தாண்டிய பிறகே இந்த இணைப்பை எடுக்க வேண்டும். பேட்டரியிலேயே நேராக எடுத்தால், விபத்தில் கட்-ஆஃபைத் திருப்பினாலும் இந்த வயர்களில் மின்சாரம் நிற்காது.

11. முதல் வயர் டிம் ரிலேயின் 30-க்கு, இரண்டாவது பிரைட் ரிலேயின் 30-க்கு. இரண்டையும் ஒரே ஃபியூசில் கோத்தால் வேலை சுலபம்தான். ஆனால் அந்த ஃபியூஸ் போனால் இரண்டும் போகும்; தனித்தனியே இரண்டு ரிலே வைத்த பயன் கெட்டுவிடும்.

12. ஒவ்வொரு ரிலேயின் 87-இலிருந்தும் இரண்டு 10 ஆம்பியர் ஃபியூஸ்கள்: இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஆக ஒவ்வொரு இழைக்கும் தனி ஃபியூஸ். ஒரு விளக்கின் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனாலும் மற்ற விளக்கு எரியும்.

13. ஃபியூசிலிருந்து விளக்குக்கு 2 சதுர மி.மீ வயர். செவன் வகைக் காரில் ஹெட்லைட்டைத் தாங்கும் குழாய்க்குள்ளேயே வயர் போகும். அந்தக் குழாயின் வாய் பெரும்பாலும் அரம் போடாமல் கத்தி போல இருக்கும். வயரை நுழைக்கும் முன் விரலை விட்டுத் தடவாமல் அரத்தால் தேய்த்து, குரொமெட் போட வேண்டும். மெல்லுறை வயர் சொல்லப்பட்டதற்கு இந்தக் குறுகலான குழாயும் ஒரு காரணம்: டிம், பிரைட், எர்த், பார்க்கிங், சில கார்களில் இண்டிகேட்டரும் அதே துளையில்தான் போகின்றன.

14. எச்4 ஹோல்டரில் எந்தத் தகடு எதற்கு என்பதை வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. பல்பைத் தனியே எடுத்து, இடையில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த பேட்டரி வயரால் ஓரிரு நொடி மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். அடியில் சின்ன உலோகக் கிண்ணம் வைத்த இழை டிம். வெறுமனே இருப்பது பிரைட். இரண்டுக்கும் பொதுவான தகடு எர்த்.

எர்த்: வேலையில் பாதி

தகர உடல் உள்ள காரில் விளக்கை எங்கே திருகினாலும் ஓரளவு எர்த் கிடைத்துவிடும். ஃபைபர்கிளாஸ் மின்சாரம் கடத்தாது. போன மின்சாரம் திரும்பி வருவதற்கும் வயர் போட்டாக வேண்டும், அதுவும் போன வயருக்குச் சமமான தடிமனில்.

15. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் 2 சதுர மி.மீ கறுப்பு வயர், சேஸிசில் ஒரே இடத்தில் உள்ள ஒரு போல்ட்டுக்கு வரவேண்டும். ரிலே காயில்களின் 85-களும் அங்கேயே.

16. சேஸிசின் பவுடர் கோட்டிங் நல்ல மின்காப்பு. லக் உட்காரும் அளவுக்கு வட்டமாகச் சுரண்டி, வெள்ளை உலோகம் தெரிய வைத்து, பல்லுள்ள வாஷர் போட்டு முறுக்க வேண்டும். முறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லியோ பெயிண்டோ பூசினால் துரு பிடிக்காது. முதலில் பூசிவிட்டுப் பிறகு முறுக்குவது தலைகீழ் வேலை.

17. சேஸிசுக்கும் பேட்டரி எர்த் முனைக்கும், எஞ்சினுக்கும் சேஸிசுக்கும் தடித்த கேபிள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரம் கடத்தாது.

எர்த் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை தொடர்ந்து பார்ப்பது நல்லது. பிறகு அந்தக் குறியை எங்கே கண்டாலும் தெரிந்துவிடும். இடது விளக்கின் எர்த் அறுந்திருக்கிறது, டிம் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் இடது பல்பின் டிம் இழைக்குள் போகிறது. வெளியேற எர்த் இல்லை. அதே பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, ஃபியூஸ் பெட்டியில் பிரைட் ரிலேயின் 87-இல் சேர்ந்து, அங்கிருந்து வலது பல்பின் பிரைட் இழைக்கு இறங்கி, வலது எர்த்தில் முடிகிறது. இடது பல்பின் இரண்டு இழையும் அழுது வடியும். வலது பல்பில் டிம்மோடு பிரைட்டும் லேசாகச் சிவந்திருக்கும். ஸ்விட்சையும் ரிலேயையும் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பது இந்த ஒரு வயருக்காகத்தான்.

உத்தரவு வயர்

18. பழைய வயர்க்கட்டைப் பிய்த்து எறிய வேண்டியதில்லை. முன்பு விளக்குக்குப் போய்க்கொண்டிருந்த டிம் வயரை டிம் ரிலேயின் 86-க்கும், பிரைட் வயரை பிரைட் ரிலேயின் 86-க்கும் கொடுத்தால் போதும். இரு பக்கத்துக்கும் கிளை பிரிந்த மிச்ச முனைகளை வெட்டி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூட வேண்டும். நாடா சுற்றி விட்டால் கோடையில் பசை இளகி அவிழும்.

19. டேஷ்போர்டு ஸ்விட்சிலிருந்து கிளம்பும் நீல வயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். அது போனால் டிம்மும் பிரைட்டும் சேர்ந்து போகுமே என்ற கேள்வி நியாயமானது. போகும். ஆனால் ஃபிளாஷுக்கான ஊதா வயர் தனி வழி; நெம்புகோலை இழுத்துப் பிடித்தால் பிரைட் ரிலே வேலை செய்யும். வண்டியை ஓரம் கட்டுவதற்கு அது போதும்.

20. டேஷ்போர்டில் நீல நிறப் பிரைட் அடையாள விளக்கு எரிவதைச் சரிபார்க்க வேண்டும். பிரிட்டனில் வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்யும் முன் நடக்கும் ஐவிஏ பரிசோதனையில் இதையும் பார்ப்பார்கள். அதைப் பழைய பிரைட் உத்தரவு வயரிலேயே விட்டுவிடலாம்.

முனை பிடித்தல், கட்டுதல்

வயர் முனையில் உறையை 5, 6 மி.மீ சீவி, செம்பு இழை ஒன்றுகூட அறுபடாமல் பார்த்து, தகட்டு முனையின் உள்சிறகு செம்பையும் வெளிச்சிறகு உறையையும் பிடிக்கும்படி கிரிம்ப் செய்ய வேண்டும். பிறகு நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் இப்போதே வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியதுதான். கிரிம்ப் செய்த இடத்தில் கூடுதல் பலத்துக்கென்று ஈயம் ஊற்றுவது தவறு: ஈயம் உறிஞ்சிய பகுதி விறைத்து, அது முடியும் கோட்டில் அதிர்வால் முறியும். ஓடும் வயரின் உறையைக் கடித்து இணைப்பு எடுக்கும் நீலப் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு இந்தக் காரில் இடமே இல்லை. அவை ஈரத்தையும் சேர்த்து உள்ளே விடும்.

வயர்க்கட்டை 300 மி.மீ-க்கு ஒரு பிடி வீதம் சேஸிசோடு கட்ட வேண்டும். உரசும் இடம், சூடான இடம், நகரும் பாகம் இந்த மூன்றையும் விட்டு விலகியிருந்தால் போதும்; அழகு தானாக வரும்.

சோதனை

21. ரிலேக்களையும் ஃபியூஸ்களையும் மாட்டாமல், பேட்டரியும் இணைக்காமல், ஒவ்வொரு 30 முனைக்கும் எர்த்துக்கும் இடையே கன்டினியூட்டி பார்க்க வேண்டும். மீட்டர் கூவினால் எங்கோ ஷார்ட்.

22. பேட்டரியை இணைத்து, உத்தரவு ஃபியூசை மட்டும் போட்டு, ரிலேக்களைச் சொருகி, ஸ்விட்சை இயக்க வேண்டும். டிம்முக்கு ஒரு ‘டிக்’, பிரைட்டுக்கு ஒரு ‘டிக்’ கேட்க வேண்டும். பிறகு 20 ஆம்பியர் ஃபியூஸ்கள், அதன்பின் 10 ஆம்பியர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அந்தந்த இழை மட்டும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

23. எஞ்சினை ஓடவிட்டு டிம்மைப் போட்டு வோல்ட் இழப்பை அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நேர்முனையில், மற்றது ஹோல்டரின் டிம் தகட்டில்: 0.4 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. அடுத்து ஹோல்டரின் எர்த் தகட்டுக்கும் பேட்டரி எர்த் முனைக்கும் இடையே: 0.2 வோல்ட்டுக்குள். அதிகம் காட்டினால் மீட்டர் முனையை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இடத்தைத் தாண்டும்போது எண் தாவுகிறதோ அங்கேதான் கோளாறு. விளக்கு எரியாமல் செய்யும் வோல்ட் சோதனையில் இது தெரியாது. மின்சாரம் ஓடாத வயரில் இழப்பும் இல்லை.

24. பத்து நிமிடம் எரியவிட்டு, ஃபியூஸ் பெட்டி, ரிலே சாக்கெட், எர்த் போல்ட் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ரிலே மிதமாகச் சுடுவது இயல்பு. ஒரு தகட்டு முனை மட்டும் சுட்டால் அந்தக் கிரிம்ப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடுவது முதல் தவறு. ஃபியூஸ் காப்பது வயரை. 30 ஆம்பியர் போட்டுவிட்டால் அடுத்து உருகப்போவது வயர்தான்.

ஸ்விட்சை அணைத்தும் விளக்கு அணையவில்லையென்றால் ரிலேயைத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டியதும் அணைந்தால் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த ரிலேயைத் தூக்கிப் போட வேண்டும். ‘டிக்’ கேட்கிறது, விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு 30, 87 பக்கம். ‘டிக்’கே இல்லையென்றால் 85, 86 பக்கம். ரிலே விடாமல் படபடவென்று துடித்தால் காயிலுக்கு வோல்ட் போதவில்லை. உத்தரவு வயரிலோ 85-இன் எர்த்திலோ தளர்ச்சி.

ரிலே போட்டாயிற்று, இனி 100 வாட் பல்பு போடலாம் என்ற ஆசை எழும். வயர் தாங்கும், விளக்கின் கண்ணாடிக்கிண்ணமும் எதிரே வருபவர் கண்ணும் தாங்கா. சாலையில் அந்தப் பல்புக்கு அனுமதியும் இல்லை. வோல்ட் முழுதாகக் கிடைத்தால் 60/55 பல்பே வேறு விளக்கு போலத் தெரியும்.

ஒளியைக் குறிவைத்தல்

வெளிச்சம் கூடிய பிறகு விளக்கின் சாய்வைத் திருத்தாமல் சாலையில் இறங்கக்கூடாது. சமதளத்தில், ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் கோடாகப் போட வேண்டும். டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ கீழே விழுந்தால் சாய்வு ஒரு சதவீதம். விளக்கின் நடு 850 மி.மீ-க்கு மேற்படாத கார்களுக்கு பிரிட்டனின் எம்ஓடி வாகனத் தகுதிச் சோதனை 0.5 முதல் 2 சதவீதம் வரை ஏற்கிறது. சுவரில் அது 2.5 முதல் 10 செ.மீ. மேல்நோக்கி எழும் முனை இடப்பக்கம், அதாவது அந்நாட்டில் சாலையோரப் பக்கம், இருக்கவேண்டும். ஐரோப்பியப் பெருநிலக் கார்களிலிருந்து எடுத்த விளக்கானால் அது வலப்பக்கம் ஏறும். திருகாணியால் திருத்த முடியாது, விளக்கையே மாற்ற வேண்டும்.

டிம் ரிலேயும் பிரைட் ரிலேயும் ஒரே பாகம்தான். மூன்றாவது ரிலே ஒன்றையும் நான்கைந்து ஃபியூஸ்களையும், வயர் நிறங்கள் குறித்த வரைபடத்தின் நகலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபியூஸ் பெட்டியின் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.